அரைப்பேர் போட்ட சேர்

1979இல் முதலாம் வகுப்பு. இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம், தகரம் போட்ட ஒரே ஹோல். ஒன்று முதல் ஐந்து வரை அதற்குள்ளேதான். நாங்கள் ‘அ’ எழுதும்போது பக்கத்து வாங்கில் ஏழாம் வாய்ப்பாடு ஓடும். இரண்டாம் வகுப்பிலேயே எனக்கு வாய்ப்பாடு பாடமானது அப்படித்தான், கெட்டித்தனத்தால் இல்லை.

அப்பாவும் அதே ஹோலில்தான் படித்தார். 1945இல் நாட்டுக்கே வந்த இலவசக் கல்வியில் தோட்டப் பள்ளிகளைச் சேர்க்கவில்லை. மூன்றாம் வகுப்போடு தோட்ட வேலைக்கு மலை ஏறிவிட்டார்.

எங்கள் சேர் மட்டக்களப்புக்காரர். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதை எங்கே பிடித்தாரோ, வரவு இடாப்பு மார்க் பண்ணும்போது பிந்தி வருகிறவனிடம், “உனக்கு இன்றைக்கு அரைப்பேர்தான்” என்பார். அந்த வெட்கத்துக்கே ஓடி வருவோம்.

தங்கச்சி பிறந்து சில மாதத்தில் தோட்டத்தில் கைப்பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குச் சுகமில்லை. பிள்ளையைப் பார்க்க என்னை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் சேர் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை.

“பிள்ளைக்கு ரெண்டு கிழமையா பேர் இல்லையே, அம்மா.”

“சின்னத யாருங்க சேர் பாக்குறது?”

“அதையும் தூக்கிக்கொண்டு வரட்டும்.”

மறுநாள் ஹோல் வளையில் அம்மாவின் பழைய சேலையில் ஏணை. நான் கையால் சிலேட்டில் எழுத, கால் பெருவிரலில் கட்டிய கயிறு ஏணையை ஆட்டும். அவள் அழுதால் ஐந்தாம் வகுப்பு அக்காமார் முறை வைத்துத் தூக்குவார்கள். சேர் சத்தம் போட்டதே இல்லை. அவள் பிறகு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து டீச்சரானாள். வீட்டிலேயே பள்ளிக்கூடத்துக்கு அதிக வருஷம் போனது தான்தானாம், இன்னும் சண்டை பிடிப்பாள்.

*பொகவந்தலாவையிலிருந்து இன்னொருவர்:*

உங்களுக்கு வாய்த்தது நல்ல சேர். எனக்கு ஆறாம் வகுப்பு டவுன் ஸ்கூலில். ஒரு டீச்சர், பேர் வேண்டாம், தோட்டத்துப் பிள்ளைகளைக் கடைசி வாங்குக்கு அனுப்புவார். சப்பாத்தில் சேறாம். பஸ் பிடிக்க மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், மழையில் நடந்தால் சேறு ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்? கேட்டில் நின்று தேயிலை இலையால் துடைத்துவிட்டுப் போவேன். அப்படியும் கடைசி வாங்குதான்.

இப்போது கொழும்பில் ஏழாம் மாடியில் வேலை. லிப்டில் ஆளில்லாவிட்டால் இன்றைக்கும் ஒரு காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்துக்கொள்கிறேன்.