பண்ணைக்கும் கஜானாவுக்கும் ஒரே பெயரா?

முரளி சித்தப்பா: கவிதா, நீ போட்ட காபித் தோட்டப் படத்தில் வாசல் பலகையில் ‘ஃபஸேந்தா’ என்று இருக்கிறது. பிரேசில் நிதி அமைச்சகத்தின் பெயரிலும் அதே சொல் வருகிறதே, எப்படி?

கவிதா: ரெண்டும் ஒரே சொல்தான் சித்தப்பா. லத்தீனில் ‘ஃபகியெந்தா’ என்றால் ‘செய்ய வேண்டியவை’. முதலில் வேலை, அப்புறம் சொத்து, அப்புறம் பெரிய நிலம் என்று பொருள் விரிந்தது. அரசின் சொத்து என்றால் கஜானா. அதனால்தான் அமைச்சகத்துக்கும் அந்தப் பெயர்.

கவிதா: துணிக்கும் ‘ஃபஸேந்தா’ என்பார்கள்!

சுமதி அத்தை: ஸ்பானிஷ் தொடர்களில் ‘அசியெந்தா’ என்று வருமே, அதுவும் இதுதானா கண்ணு?

கவிதா: அதேதான் அத்தை. சொல்லின் தொடக்கத்தில் இருந்த லத்தீன் ‘ஃப’, ஸ்பானிஷில் பல இடங்களில் ‘ஹ’ ஆகி, பிறகு ஒலியே மறைந்துவிட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது. மாவுக்குப் போர்ச்சுக்கீசியத்தில் ‘ஃபரீன்யா’, ஸ்பானிஷில் ‘அரீனா’.

முரளி சித்தப்பா: அருமை. நாலு ஏக்கர் வைத்திருப்பவரும் ஃபஸேந்தா என்று சொல்லிக்கொள்ளலாமா?

கவிதா: பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். சின்ன நிலத்துக்கு ‘சீத்தியோ’ என்று வேறு சொல் உண்டு. ஃபஸேந்தா என்றாலே பெரியது.

கவிதா: இங்கே பிரேசிலில் பழைய காபித் தோட்டங்களில் முதலாளியின் பெரிய வீடு, காபி காயவைக்கும் களம், அடிமைகளைப் பூட்டிவைத்த கொட்டடி மூன்றும் அருகருகே இருக்கும். களத்தில் பழத்தை மெல்லிசாகப் பரப்பி, நீளக் காம்பு போட்ட பலகையால் வெயிலில் திரும்பத் திரும்பத் தள்ளிப் புரட்ட வேண்டும். 1888 மே 13-ல் அடிமைமுறை ஒழியும்வரை அதையெல்லாம் செய்தது அந்த மக்கள்தான். பெயர் ‘செய்ய வேண்டியவை’. செய்தவர்களுக்கோ அதில் ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. அந்தக் களத்தில் நின்றபோது நெஞ்சு கனத்துப் போயிற்று.

சுமதி அத்தை: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மெக்சிகோவிலும் இப்படித்தானா?

அருண்: அங்கே கடன்தான் சங்கிலி, அத்தை. பல அசியெந்தாக்களில் தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தார்கள். கடையில் கடன் ஏறும், தீரும்வரை ஆள் வெளியே போக முடியாது. மொரேலோஸ் மாநிலத்தில் கரும்புத் தோட்டங்கள் ஊர் நிலங்களையே விழுங்கின. விவசாயிகளின் தலைவர் எமிலியானோ சபாதா எழுந்தது அதை எதிர்த்துத்தான். 1917 அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு அந்த நிலங்களைப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. 1934-ல் அதிபரான கார்தெனாஸ் காலத்தில்தான் அது பெரிய அளவில் நடந்தது.

முரளி சித்தப்பா: அர்ஜென்டினாவிலும் இந்தப் பெயர்தானா அருண்?

அருண்: இல்லை சித்தப்பா. அங்கே பெரிய பண்ணைக்கு ‘எஸ்தான்சியா’ என்று பெயர். ‘அசியெந்தா’ என்றால் மேய்கிற மாடுகள்!

சுமதி அத்தை: மாடு என்றால் செல்வம் என்று தமிழிலும் பொருள் உண்டே. கவிதா, அந்தக் களத்தின் படம் இருந்தால் போடு.

கவிதா: இருக்கிறது அத்தை, வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்.