கோப்பு கண்முன்னே இருக்கிறது, டெர்மினல் ‘இல்லை’ என்கிறது

லினக்ஸ் டெர்மினலில் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால் முதலில் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும். ஆனால் கோப்பு சரியான இடத்தில், சரியான பெயரில் இருந்தும் இதே பிழை வருவதுண்டு. எனக்கு வந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் வந்திருந்தால் சொல்லுங்கள், தேடி வருகிற யாருக்காவது உதவும்.

எங்கள் ஆபீஸில் ராத்திரி கணக்குக் கோப்புகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் உண்டு (பாஷ் என்பது ஒரு ஷெல், அதாவது நாம் தரும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்). அதைப் புதிதாக எழுதிக் கொடுத்தவர் விண்டோஸ் மெஷினில் எழுதி, உபுண்டு மெஷினில் போட்டுவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் நகல் எதுவும் இல்லை, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டுகிற கிரானின் லாக்கில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் இருக்கிறது. எல்எஸ் போட்டால் கோப்பு இருக்கிறது. எக்ஸிக்யூட் பெர்மிஷன் இருக்கிறது. கேட் போட்டால் ஸ்கிரிப்ட் முழுதும் திரையில் ஓடுகிறது.

துப்பு கிடைத்தது, கையால் ஓட்டியபோதுதான். கிரான் பயன்படுத்துவது பாஷ் இல்லை, எஸ்எச் என்ற ஷெல். உபுண்டுவில் அது டாஷ். டாஷ் இதற்கு மேல் விவரம் சொல்லாது. பாஷில் ஓட்டினால் ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்று வந்தது, அதில் பாஷ் என்ற பெயரின் வாலில் ஒரு கூரைக்குறியும் எம்மும் ஒட்டிக்கொண்டிருந்தன. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற இரண்டு எழுத்துகளால் முடிக்கும். யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த நிரலை வைத்து ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறோமே, லினக்ஸின் மையமான கெர்னல் அந்த வரியைப் படிக்கும்போது மிச்சமிருக்கிற 13-ஐயும் (திரையில் கூரைக்குறியும் எம்முமாகத் தெரிந்தது இதுதான்) நிரலின் பெயரோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படி ஒரு நிரல் எந்த மெஷினிலும் கிடையாது. காணாமல் போனது ஸ்கிரிப்ட் இல்லை, அதை ஓட்ட வேண்டியவன். கெர்னல் திருப்பித் தருவதோ 2 என்ற பிழை எண் மட்டும்தான். எந்தக் கோப்பு இல்லை என்று அந்த எண்ணில் இருக்காது.

சந்தேகம் வந்தால் ஃபைல் என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள், ‘சிஆர்எல்எஃப்’ (அந்த 13, 10 ஜோடி) என்று நேராகவே சொல்லிவிடும். டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியை ஓட்டினால் சரியாகிவிடும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்திருக்கிற ஸ்கிரிப்ட் என்றால் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எஸ்எச் கோப்புகளுக்கு வரிமுடிவு எல்எஃப் (10 மட்டும்) என்று எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸில் செக்அவுட் செய்யும்போது (கிட்டிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கும்போது) திரும்ப வரும்.

*

அண்ணா, எனக்கு இதே பிழை ஸ்கிரிப்டில் இல்லை, பைனரியில், அதாவது தொகுத்து முடித்த நிரலில் வந்தது. பழைய பார்கோடு பிரின்டர் ஒன்றின் நிரல். கோப்பு இருக்கிறது, ஓட்டினால் ‘இல்லை’. நீங்கள் சொன்ன அதே ஃபைல் கட்டளைதான் காட்டிக்கொடுத்தது: அது 32 பிட் நிரல், என் மெஷின் 64 பிட். 32 பிட் நிரலை ஏற்றிவிடுகிற லோடர் என் மெஷினில் இல்லவே இல்லை. டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் டிபிகேஜி என்ற தொகுப்புக் கருவியில் ஐ386 (32 பிட்) கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, ஐ386-க்கான லிப்சி6 தொகுப்பை நிறுவினால் போதும். பாஷ் 5.2-இல் இந்தப் பிழைக்கு ‘ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. இது எவ்வளவோ தேவலை, தேட வேண்டியது வேறு கோப்பு என்றாவது புரிகிறது.

*

நான் சொல்லப்போவது தமிழில் கோப்புப்பெயர் வைப்பவர்களுக்கு. தோழி ஒருத்தி தன் பழைய மேக்கிலிருந்து ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக என் லினக்ஸ் மெஷினுக்கு அனுப்பினாள். ஃபோல்டர் பெயர் ‘கொடுமணல்’. ஃபோல்டருக்குள் போக உதவும் சிடி கட்டளையைப் போட்டு அதே பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒன்று இல்லை’. எல்எஸ் பட்டியலில் இருப்பதும் நான் தட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. எழுத்துகளைத் தேடும் கிரெப் கட்டளையில் தேடினாலும் வராது. ஆனால் சிடி என்று தட்டிவிட்டு, ‘க’ மட்டும் கொடுத்து டேப் அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது!

பெயரை எக்ஸ்எக்ஸ்டி என்ற கட்டளை வழியாக பைட்டுகளாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. ‘கொ’ என்பதில் இருக்கிற ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் யுடிஎஃப்-8-இல் 3 பைட். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக எழுதினால் 6 பைட். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். என் விசைப்பலகையோ சேர்ந்த குறியைத் தருகிறது. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைக்குத் தமிழும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது, பைட்டுக்குப் பைட் ஒத்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. மூலமும் இலக்கும் யுடிஎஃப்-8 என்று கொடுத்து, என்எஃப்சி விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். முதலில் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல்தான் காட்டும். நோடெஸ்ட் கொடுத்தால்தான் நிஜமாக மாற்றும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு மாற்றுங்கள். தமிழ் மின்னூல்கள், ஒலிப்பதிவுகள் என்று சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் ஒருமுறை செய்ய வேண்டும் என்பேன். பேக்கப் எடுக்கும்போது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் முளைப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

*

அக்கா, டேப் விஷயம் ரொம்பப் பயனுள்ளது, நன்றி. நான் பார்த்த சின்ன விஷயம் ஒன்று. ஒரு நிரலை ஆப்டிலிருந்து நீக்கிவிட்டு, அதையே மூலநிரலிலிருந்து தொகுத்து யூஎஸ்ஆர் லோக்கல் என்ற ஃபோல்டரில் நிறுவினேன். விச் கட்டளை புதிய இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஓட்டினால் பழைய இடத்தைச் சொல்லி ‘அங்கே கோப்பு இல்லை’ என்கிறது. பாஷ் ஒருமுறை ஓட்டிய நிரல் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளும். ஹாஷ் என்று தட்டி ஆர் விருப்பத்தைக் கொடுத்தால் அந்த நினைவு அழிந்து, புதிதாகத் தேடும். புது டெர்மினல் திறந்தாலும் போதும்.