இரண்டாம் பாகத்தில் எதைத் தொட்டாலும் அதே மணிதான்

கரும்புச்சக்கை (டர்பன்)
கப்பல் கதையின் இரண்டாம் பாகத்தை நேற்று ராத்திரி முடித்தேன். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: படம் கிடையாது, எழுத்திலேயே ஓடும் விளையாட்டு. முதல் பாகம் 1880களில் மதராசில் ஏறி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கும் வரை. இரண்டாம் பாகம் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம்.

முதல் பாகத்தை நான்கு தடவை ஆடியிருக்கிறேன். கப்பல் ஏறும் முன் ஆட்களைப் பதிவு செய்யும் டிப்போவில் குமாஸ்தாவிடம் நிஜப் பெயரைச் சொல்வதா, வேறு பெயரா? காய்ச்சலில் கிடப்பவளுக்கு நம் பங்குத் தண்ணீரைக் கொடுப்பதா? எதைத் தேர்ந்தாலும் நாலு பக்கம் தள்ளி அது திரும்பி வந்து நம்மைக் கேட்கும். இரண்டாம் பாகத்தில் துரை அடிக்கிறான். திரையில் இரண்டே வரி: ‘பொறுத்துக்கொள்’, ‘முறைத்துப் பார்’. எதை அழுத்தினாலும் அடுத்த பக்கம் மறுநாள் விடியற்காலை மணி. ஒரு சொல் மாறாமல் அதே பத்தி. சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போய் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அப்புறம் எதற்கு என்னைக் கேட்கிறீர்கள்?

பீன்ஸ்பன்னி (சாட்ஸ்வர்த்)
சக்கை அண்ணே, ஒப்பந்தக் கூலிக்கு எத்தனை வழி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். எஸ்டேட்டைத் தாண்டிப் போக முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். கப்பலில் கதவு திறந்திருந்தது, இறங்கியதும் சாத்திவிட்டார்கள். அந்த மூச்சுமுட்டலைத்தான் விளையாட்டு கொடுக்கிறது. முறைத்துப் பார்த்தாலும் விடிந்தால் மணி அடிக்கத்தானே செய்யும்? எனக்கு அந்த இடம் நெஞ்சை அடைத்தது.

கரும்புச்சக்கை
வழியே இல்லை என்று யார் சொன்னது? 1894-ல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டும் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தி முன்னால் போய் நின்றார். டாக்டர் சான்று, மாஜிஸ்திரேட், சம்மன். கடைசியில் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாறியது. விடுதலை கிடைக்கவில்லை, முதலாளிதான் மாறினான். ஆனால் அதற்குள் எத்தனை முடிவுகள்! போவதா, இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போவதா, அப்படியே போவதா?

பீன்ஸ்பன்னி
அவர் இருந்தது டர்பன் நகரத்தில். கதை நடப்பது உள்ளே இருக்கும் எஸ்டேட்டில், அதுவும் 1880களில். காந்தி வந்ததே 1893-ல்.

கரும்புச்சக்கை
சரி, காந்தி வேண்டாம். மாஜிஸ்திரேட் இருந்தார், ‘இந்தியர் பாதுகாவலர்’ என்று ஒரு அதிகாரியே இருந்தார். நடந்து போய்த் தோற்கட்டுமே. புகார் சொல்ல வெளியே போனதற்கே தண்டனை வாங்கியவர்கள் உண்டு. அதைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொண்டு விளையாடுகிறேன். நான் ஜெயிக்க வழி கேட்கவில்லை, தோற்க ஒரு வழி கேட்கிறேன்.

ட்வைன்தம்பி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
நானும் சின்னச் சின்னக் கதை விளையாட்டு எழுதுகிறவன், அதனால் அவர்கள் பக்கத்துக் கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் பாகத்தில் முக்கிய முடிவு ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்றால் கப்பலை விட்டு இறங்குவது 64 விதமான ஆட்கள். எழுதுவதோ இரண்டே பேர். 64 தோட்டம் எழுத முடியாது. அதனால் கிளையைப் பிரித்து, கொஞ்ச தூரம் விட்டு, திரும்ப ஒரே இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். பெரிய கம்பெனிகளும் இப்படித்தான். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமின் மூன்றாம் பாகம் 2012-ல் வந்தபோது, மூன்று ஆட்டமாகச் சேர்த்துவைத்த முடிவெல்லாம் கடைசியில் எங்கே போயிற்று என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே வருடம் நீட்டிய முடிவை இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று.

ஆனால் முடிச்சு போட்டாலும் ஒரு வரியை மாற்றலாம் அண்ணே. முன்னால் நடந்ததை ஒரு மாறியில் (variable) குறித்துவைத்தால் போதும், கதை விளையாட்டு எழுதும் ட்வைன் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. கப்பலில் தண்ணீர் கொடுத்து அவள் பிழைத்திருந்தால், அடிவாங்கிய ராத்திரி பக்கத்துப் பாராக்ஸிலிருந்து (கூலிகள் தங்கும் கொட்டகை) ஒரு துண்டுக் கருவாடு வரட்டும். கொடுக்காதவனுக்கு வெறும் சோறு. விடிந்தால் இருவருக்கும் அதே மணி அடிக்கட்டும், பரவாயில்லை.

பீன்ஸ்பன்னி
கருவாடு நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ‘முறைத்துப் பார்’ தப்பு என்று சொல்ல மாட்டேன்.

மேர்பேங்க் அக்கா
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் பாகத்தில் நாம் வைத்த பெயரை இரண்டாம் பாகத்தில் ஒருவரும் சொல்வதில்லை, எண் மட்டும்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் பட்டியலில் தேடியபோது முதலில் இருந்தது எண். அப்புறம்தான் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், கடைசியாக அங்க அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. பெயரை எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான், இன்றுவரை எங்கள் குடும்பப் பெயர் அந்தப் பிழைதான். அந்த எண் தெரியாவிட்டால் அவரைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அதனால் விளையாட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கரும்புச்சக்கை
அக்கா, துரை எண்ணைச் சொல்லட்டும், கங்காணி மாதிரி வேலை வாங்கும் சிர்தார் சொல்லட்டும். ராத்திரி பாராக்ஸில் சோறு போடுகிறவள் எண்ணையா கூப்பிடுவாள்? குமாஸ்தாவிடம் பொய்ப் பெயர் சொன்னேனே, அந்தப் பொய்யாவது ஒரு தடவை என் காதில் விழ வேண்டாமா? எண் இருந்தால் பெயரை நினைவில் வைக்க வேண்டாம் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் வசதி.

மேர்பேங்க் அக்கா
அது சரிதான். பாராக்ஸில் பெயர்தான் இருந்திருக்கும்.

பீன்ஸ்பன்னி
கடைசிப் பக்கத்தையும் பாருங்கள் அண்ணே. ஐந்து வருடம் முடிந்ததும் மூன்று வழி வருகிறது: மறுபடி ஒப்பந்தம், சொந்தமாகக் காய்கறித் தோட்டம், இன்னும் ஐந்து வருடம் இருந்து இலவசக் கப்பலில் ஊர் திரும்பக் காத்திருப்பது. அங்கே கதவைத் திறந்துவிட்டார்களே.

கரும்புச்சக்கை
திறந்தார்கள். மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். மூன்றிலும் ‘மூன்றாம் பாகத்தில் தொடரும்’.

பீன்ஸ்பன்னி
ஐயோ. நான் காய்கறித் தோட்டத்தை மட்டும்தான் அழுத்தினேன். சரி, அடிக்கும் காட்சியில் எதையும் தொடாமல் விட்டுப் பார்த்தீர்களா? சில விளையாட்டில் சும்மா இருப்பதும் ஒரு பதில்.

கரும்புச்சக்கை
விட்டேன். கறியைச் சூடு பண்ணி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். மணிதான்.

ட்வைன்தம்பி
கருவாட்டு வரியை நானே எழுதி அந்த இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன். அக்கா, ரேஷனில் கருவாடு உண்டுதானே?

மேர்பேங்க் அக்கா
உப்பு மீன் உண்டு, எழுது. கொடுக்காதவனுக்கு வெறும் சோறு என்றாயே, அதை மட்டும் மாற்று தம்பி. பல எஸ்டேட்டில் அரிசிக்குப் பதில் மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவைத்தான் அளந்து போட்டார்கள்.