கையை உதறினால் 353 ஆகிவிடுமா?

வைகைக்கரையான்: நேற்று இங்கே ஒருவர், "போலீஸை செல்போனில் வீடியோ எடுத்தாலே சட்டப்பிரிவு 353தான், ஜாமீன் கிடையாது" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. இப்படிப் பயமுறுத்தித்தான் ஸ்டேஷனில் நீட்டிய தாளில் எல்லாம் ஜனங்களைக் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 186. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 221. மூன்று மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம், ஜாமீன் உண்டு. பழைய 353, இப்போதைய 132, அந்த ஊழியரை அடித்தாலோ பலத்தைக் காட்டினாலோதான் வரும். இரண்டு வருடம் வரை, ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. 2022இல் என் தம்பி மீது 353 போட்டார்கள். வாகனச் சோதனையில் ஏட்டு வண்டிச் சாவியைப் பிடுங்கினார், இவன் கையை உதறினான். அவ்வளவுதான். 11 நாள் உள்ளே இருந்தான்.

காக்கிவீட்டுப்பிள்ளை: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்? என் அப்பா 34 வருடம் யூனிஃபார்ம் போட்டவர். உங்கள் கதையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏட்டு மேல் கை பட்டதா, இல்லையா?

வைகைக்கரையான்: உதறினான். தள்ளவில்லை. சாவி வளையத்தில் அவன் சுண்டுவிரல் மாட்டியிருந்தது. ஏட்டு இழுத்த இழுப்பில் நகக்கண் கிழிந்து, பெட்ரோல் டேங்க் மேல் ரத்தம் சொட்டியது. அந்த வலியில் எவனும் கையை உதறத்தான் செய்வான். எஃப்ஐஆரில் "நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்" என்று எழுதியிருக்கிறது.

காக்கிவீட்டுப்பிள்ளை: கை பட்டதா, இல்லையா?

கீழ்க்கோர்ட்டான்: இரண்டு பேரும் முதலில் சட்டத்தின் விளக்கத்தைப் படியுங்கள். கை பட்டதா என்பது மட்டும் கேள்வி இல்லை, என்ன நோக்கத்தில் பட்டது என்பதும்தான். வெறும் வார்த்தை தாக்குதல் ஆகாது. பெங்களூரு போக்குவரத்து போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை எழுதியதற்குப் போட்ட 353ஐ 2015இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது, மாணிக் தனேஜா வழக்கு. இன்னொன்று, 186 என்றால் அந்த அதிகாரியோ அவர் மேலதிகாரியோ கோர்ட்டில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். 353க்கு அந்தத் தடை இல்லை. 186 போட வேண்டிய இடத்தில் 353 ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

காக்கிவீட்டுப்பிள்ளை: ஃபேஸ்புக்குக்குக் கை கிடையாது வக்கீல் சார். இங்கே கை பட்டிருக்கிறது. அப்புறம், போலீஸுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் மோதல் நடந்தபோது என் அப்பா அங்கே பந்தோபஸ்தில் இருந்தார். வீட்டுக்கு வரும்போது தலையில் நாலு தையல்.

கீழ்க்கோர்ட்டான்: அன்றைக்கு நீதிபதி ஒருவருக்கே அடி விழுந்தது தம்பி. அதையும் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

காக்கிவீட்டுப்பிள்ளை: எனக்கு வயது 52. தம்பி, கிம்பி எல்லாம் வேண்டாம்.

மேலூர்க்காரி: அண்ணே, வீடியோ எடுக்கலாமா கூடாதா? அதில்தானே பேச்சே ஆரம்பித்தது?

வைகைக்கரையான்: 2009ஐ இழுத்துப் பேச்சை மாற்றாதீர்கள். முன்பு இங்கே நடந்த ஹெல்மெட் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், கடைசிவரை பதில் சொல்லவில்லை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில், போலீஸ் காவலில் அடிபட்டுப் பிறகு இறந்துபோன அப்பா, மகன் ஜெயராஜ், பென்னிக்ஸ் மீது போட்ட எஃப்ஐஆரிலும் இதே 353 இருந்தது. அவர்கள் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். பிறகு சிபிஐ அந்த ஸ்டேஷன்காரர்கள் மீதே கொலை வழக்கில் குற்றப்பத்திரிகை போட்டது. எஃப்ஐஆரில் எழுதிவிட்டால் நடந்தது ஆகிவிடுமா? என் தம்பி உதறினான். தள்ளவில்லை.

காக்கிவீட்டுப்பிள்ளை: ஒரு ஊரில் நடந்ததை வைத்து டிபார்ட்மென்ட் முழுவதையும் கொலைகாரர்கள் ஆக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவன் சட்டைக் காலரைப் பிடித்தால் ஏட்டு என்ன செய்ய வேண்டும்? 2,500 ரூபாய் அபராதத்துக்கு அவன் பயப்படுவானா?

வைகைக்கரையான்: என் தம்பி குடிக்கவில்லை. காலை பத்தரை மணிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். யார் காலரையும் பிடிக்கவில்லை. இந்த கேஸால் அந்த வருடம் துபாய் வேலைக்கான பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் நின்றுபோனது. அந்தச் சம்பளத்தை உங்கள் அப்பா தருவாரா?

காக்கிவீட்டுப்பிள்ளை: என் அப்பாவை இழுத்தால் மரியாதை கெட்டுவிடும்.

கீழ்க்கோர்ட்டான்: முதலில் இழுத்தது நீங்கள்தான். போகட்டும், கேஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? ஏட்டைக் குறுக்கு விசாரணை செய்தாயிற்றா?

வைகைக்கரையான்: அடுத்த வாய்தாவில்தான். நகக்கண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட சீட்டு இருக்கிறது, கோர்ட்டில் கொடுக்கப் போகிறோம். அன்று சாயங்காலமே வந்து இங்கே எழுதுவேன். உதறினான். தள்ளவில்லை.

காக்கிவீட்டுப்பிள்ளை: எழுதுங்கள். கை பட்டதா, இல்லையா என்று ஏட்டு சொல்வதையும் சேர்த்தே எழுதுங்கள்.