மறு: மறு: சிவில் இன்அட்டென்ஷன் – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

இளங்கலைச் சமூகவியல் பாடநூலில் எர்விங் காஃப்மன் பற்றிய இயல் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முன்மேடை, பின்மேடை போன்ற அவருடைய கலைச்சொற்களெல்லாம் முடிந்தன. 1963-இல் அவர் எழுதிய ‘சிவில் இன்அட்டென்ஷன்’தான் இடிக்கிறது. எதிரெதிரே வரும் அந்நியர் இருவர் ஏறத்தாழ எட்டடி தூரம்வரை ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது சைகையிலேயே முடிவாகிறது. கடக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். விளக்கைத் தணிப்பதுபோல என்கிறார். ‘பாராமுகம்’ போடலாமா?

———

> ‘பாராமுகம்’ போடலாமா?

வேண்டாம் அம்மா. அது புறக்கணிப்பு. ஆள் இருப்பதையே கணக்கில் எடுக்காத நடத்தையைக் காஃப்மன் தனியே பிரிக்கிறார். பாராமுகத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறுப்போடு உறுத்துப் பார்ப்பதும் வேறு. அதற்கு ‘முறைப்பு’ இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு ‘நாகரிகப் பாராமை’ என்பேன். லத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். நம் நாகரிகமும் நகர் வழி வந்ததுதான். வடமொழி என்று யாரும் கிளம்பாதிருந்தால் சரி.

———

கிளம்பத்தான் வேண்டும் ஐயா, எதிர்த்திசையில். நகர் தமிழே. சங்கப் பாடல்களில் நகர் என்றால் மாளிகை. நகு, நகை, நகர் எல்லாம் ஒளிர்தல் கருத்து என்பாரும் உண்டு. ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்ற குறளில் கண்டும் காட்டிக்கொள்ளாமை அப்படியே இருக்கிறதே! ‘கண்டுங்காணாமை’ என்றே வைத்துவிடலாம்.

———

நஞ்சு ஊற்றுகிறவர் அந்நியரா என்ன? பழகியவர். மேலும், கண்டுங்காணாமல் விடுவது பிறர் தவற்றை. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ‘பாராமை’யும் முதல் பார்வையை விழுங்கிவிடுகிறது. பார்த்த பிறகு விலக்குவதுதானே செய்தி?

குறள் 1099 போதும்: ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள.’ பொதுநோக்கு!

———

அது காதலர் நடிப்பு.

———

ஆம், ஆனால் யாரைப் போல நடிக்கிறார்கள்? ஏதிலாரைப் போல. அந்நியர் பார்வைக்குத்தான் வள்ளுவர் பெயர் சொல்கிறார். காதலர் அதை இரவல் வாங்குகிறார்கள். காஃப்மனுக்கு இதைவிட நெருக்கமாக யாரும் வரவில்லை. வினையும் கையோடு கிடைக்கிறது: பொதுநோக்கு நோக்கினார். ‘நாகரிகப் பாராமை செய்தார்’ என்று எந்த மாணவர் எழுதுவார்?

———

குறள் 528-ஐயும் பாருங்கள். ‘பொதுநோக்கான் வேந்தன்’ என்னும்போது, வேந்தன் தவிர்க்கும் அந்தப் பொதுநோக்கு தகுதி பிரித்தறியாத பார்வை. இன்றைய வாசகருக்கோ பொதுநோக்கு என்றால் பொதுநலம். மாணவர் தேர்வில் ஊர்த்தொண்டு பற்றி எழுதி வைப்பார். சங்கப்புலவருக்கா பாடநூல்?

———

அனைவருக்கும் நன்றி. மூவர் ‘நாகரிகப் பாராமை’, ஒருவர் ‘பொதுநோக்கு’. மற்றவர்கள் இன்னும் நகரை விட்டு வெளியே வரவில்லை. முதலாவதைப் போட்டு அனுப்பிவிட்டேன். முறைப்பும் பாராமுகமும் அப்படியே நுழைந்துவிட்டன.

———

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பார்ப்பதில் தொடங்கும் ஒன்றுக்குப் பாராமை என்று பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த பதிப்பு எப்போது?