லைன் அறுந்த நேரத்தில் எழுதிய கணக்கு

கோத்தகிரியிலிருந்து:

இங்கே ஒரு தேயிலை பேக்டரிக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொடுக்கிறேன். இலை எடுக்கும் மையம் ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் அதே டேட்டாபேஸின் நகல். ஐப்பசி மழையில் மண் சரிந்து இவற்றை இணைக்கும் ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டால் ஒவ்வொரு மையமும் தனியாகத்தான் ஓடும். பறித்த இலை காத்திருக்காது, அன்றைக்கே எடை போட்டாக வேண்டும், அதனால் லைன் வரட்டும் என்று பதிவை நிறுத்தவும் முடியாது.

முன்பு அங்கே இருந்த ஏற்பாடு, கடைசியாக எழுதியதே செல்லும் என்பது. ஒரே விவசாயியின் மாத மொத்தத்தை இரண்டு மையங்கள் மாற்றியிருந்தால் நேரம் பிந்தியது நிற்கும், மற்றது சத்தமில்லாமல் போய்விடும். அதிலும் ஒரு மெஷினில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, லைன் இல்லாததால் நேரத்தைச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லாமல் கடிகாரம் பின்தங்கிவிட, அங்கே எழுதியதெல்லாம் பழசு என்று தள்ளுபடி. கிலோ கணக்கில் பிழைக்கிற குடும்பங்களின் காசு அது, எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடிகாரத்தை நம்பாமல், கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணை வைத்து நிகழ்வுகளை வரிசைப்படுத்த கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே வழி சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அந்த வரிசைகூடத் தேவைப்படவில்லை. மொத்தத்தை மாற்றி எழுதுவதையே விட்டுவிட்டோம். ஒவ்வொரு எடையும் தனி வரி, மைய எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்ததுதான் அதன் அடையாளம். எது முந்தி வந்து சேர்ந்தாலும், ஒரே வரி திரும்ப வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. தப்பாகப் போட்ட எடையைக்கூட அழிப்பதில்லை, கழித்தல் வரி ஒன்று சேர்ப்போம், அவ்வளவுதான்.

ஊட்டியிலிருந்து:

எடைக்கு இது சரி அண்ணா, விடுதி அறைக்கு ஆகாது. மே மாத சீசனில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் எதைக் கூட்டி எதைக் கழிப்பது? நான் பார்க்கும் விடுதிகளுக்கு ஊட்டியில் ஒன்று, கோவையில் ஒன்று என்று இரண்டு சர்வர் இருந்தன. நடுவில் லைன் போனதும் இரண்டுமே தன்னைத் தலைமை என்று எண்ணிப் பதிவு எடுத்தன.

இப்போது குன்னூரில் மூன்றாவது வைத்து, பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வருவதற்காக 2014-ல் வந்த ராஃப்ட் முறையில் ஓடுகிறது. மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் பதிவு செல்லும். மேட்டுப்பாளையம் ரோட்டில் கேபிள் அறுந்தால் மலையிலுள்ள இரண்டும் வேலையைத் தொடரும், கோவை மட்டும் பதிவை மறுத்துவிடும். வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று முதலாளி வருத்தப்பட்டார்தான். பெட்டியும் பிள்ளைகளுமாக இரவில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்றேன், ஒப்புக்கொண்டார்.

கூடலூர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்கள் லைன் ஊட்டி வழியாகத்தான் வருகிறதா, தனியா? அடுத்த சர்வரை அங்கே வைக்கலாமா என்பது அதைப் பொறுத்துத்தான்.