இருமலே இல்லாத தம்பிக்கு கண்ணுல டிபியாம், நம்பலாமா?

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 29 வயசு, ஓசூர்ல வேலை. ஒரு மாசம் முன்னாடி வலது கண்ணுல நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி சாம்பல் திட்டு மாதிரி நிக்குதுன்னான், ஜன்னல் கம்பியப் பாத்தா ஒரு இடத்துல மட்டும் நெளிஞ்சு தெரியுதாம். வலியும் இல்ல செவக்கவும் இல்ல, அதனால மெடிக்கல்ல ஏதோ சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டே பத்து நாள ஓட்டிட்டான். அப்புறம் கண் ஆஸ்பத்திரில கண்மணிய விரிய வச்சு பாத்து, ஓசிடி (ரெட்டினாவ அடுக்கடுக்கா காட்டுற ஸ்கேன்) எடுத்து, கையில மஞ்சள் சாயம் ஏத்தி படம் எடுத்து, கோராய்டைட்டிஸ் (கண்ணுக்குள்ள பின்அடுக்குல அழற்சி), பாத்தா டிபி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. மேண்டோ (தோலுல ஊசி போட்டுப் பாக்குற டிபி டெஸ்ட்) 20 மில்லிமீட்டர் வீங்கியிருக்கு, குவாண்டிஃபெரான் (அதையே ரத்தத்துல பாக்குறது) பாசிட்டிவ், ஆனா நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இப்ப சிடி எடுக்கணும், டிபி மாத்திரை மாசக்கணக்குல சாப்பிடணும்ங்கிறாங்க. அம்மா ஒரே அழுகை, பொண்ணு பாத்து முடிவாகிற நேரம் வேற. இதுல விடிஆர்எல் (சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்கு), எச்ஐவி டெஸ்ட்டும் எழுதிக் குடுத்துட்டாங்க, அவன் கூனிக்குறுகிப் போயிட்டான். கண்ணுல இருந்து துளி எடுத்து டெஸ்ட் பண்ணி ஆமா இல்லன்னு சொல்லிட முடியாதா? எதுக்கு இவ்ளோ சுத்து?

நைட்டூட்டி_பிஜி:
அக்கா, நான் கண் டாக்டருக்குப் படிச்சிட்டிருக்கேன், தம்பியோட படத்தப் பாக்காம இதுதான்னு சொல்ல மாட்டேன், டாக்டருங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு மட்டும் சொல்றேன்.

கண்ணுக்குள்ள வர்ற ரத்தத்துல பெரும்பங்கு ரெட்டினாவுக்குப் பின்னாடி இருக்கிற கோராய்டுக்குத்தான் போகுது. ரத்தத்துல மிதந்து வர்ற கிருமி அங்க தங்குறதுல ஆச்சரியமே இல்ல, நுரையீரல்ல ஒண்ணுமே தெரியாம கண்ணுல மட்டும் டிபி வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க. செல நேரம் கிருமி நாலே நாலுதான் இருக்கும், அத எதிர்த்து நம்ம உடம்பு போடுற சண்டைதான் புண்ணா தெரியும். அதனாலதான் துளி எடுத்து பிசிஆர் போட்டாலும் டிபி பல தடவ சிக்காது. கோராய்டையே துண்டு வெட்டி பாக்கலாம்தான், பார்வையே போற ரிஸ்க், கேன்சர் சந்தேகம் மாதிரி வேற வழியே இல்லன்னா மட்டும்தான் அதுக்குப் போவாங்க.

அதனால முதல் சாட்சி புண்ணோட உருவம். இந்த டிபி புண்ணு பாம்பு கணக்கா ஊர்ந்து பரவும், அதே மாதிரி ஊர்ந்து பரவுற இன்னொரு நோயும் இருக்கு, அதுக்கும் டிபிக்கும் சம்பந்தம் இல்ல. அது பெரும்பாலும் கண் நரம்ப ஒட்டி ஆரம்பிச்சு வெளிய போகும், உள்ள இருக்கிற ஜெல் தெளிவா இருக்கும். டிபில பல இடத்துல புள்ளி புள்ளியா கெளம்பி ஒண்ணோட ஒண்ணு சேரும், ஜெல்லுல அழற்சி செல்லுங்க மிதக்கும். மஞ்சள் சாயப் படத்துல புது புண்ணு மொதல்ல கருப்பா இருந்து கடைசில ஓரம் வெள்ளையா ஒளிரும். ஆறின நடுப்பகுதி பழுப்பா, ஓரம் மட்டும் வெண்ணெய் கலர்ல மங்கலா இருந்தா நோய் இன்னும் நகர்ந்துட்டிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவதுதான் மேண்டோ, குவாண்டிஃபெரான். இங்கதான் நம்ம ஊருல சிக்கல். 2019-21ல எடுத்த தேசிய டிபி சர்வேல 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல சுமார் 31 சதவீதம் பேரு உடம்புல கிருமி தொத்தின அடையாளம் இருந்துச்சு. நோய் இல்ல, தொத்து மட்டும். அப்ப பாசிட்டிவ்னு பேப்பர் வந்தா மட்டும் கண்ணுல இருக்கிறது டிபின்னு ஆயிடாது, படமும் பொருந்தணும். பொருந்தாத படத்துக்கு பாசிட்டிவ் பேப்பர வச்சு மாத்திரை எழுதினா நான் சண்டைக்கே போவேன்.

விடிஆர்எல்லுக்கு தம்பி கூச்சப்பட வேண்டாம். சிபிலிஸ் கண்ணுக்குள்ள எந்த வேஷம் வேணா போடும், பென்சிலின்ல கட்டுப்படுற நோய், அத விட்டுட்டு ஸ்டீராய்டு போட்டா மோசமாயிடும். அதனால கல்யாணம் ஆனவங்க, சாமியார் யாரு வந்தாலும் எழுதுறதுதான். மெடிக்கல்ல வாங்குன சொட்டு மருந்து பின்னாடி வரைக்கும் போகவே போகாது, அந்த பத்து நாளு வீண்.

புளியந்தோப்பு_குமார்:
பிஜி சார் சொன்னதுக்கு நானே சாட்சி. எனக்கு 2016ல கண்ணுல டாக்ஸோ (பூனை வழியா பரவுற ஒட்டுண்ணிக் கிருமி). மூடுபனில வண்டி லைட்டு மாதிரின்னு சொல்லுவாங்களே, ஜெல் பூரா கலங்கி நடுவுல வெள்ளையா ஒரு புண்ணு, பக்கத்துலயே சின்ன வயசுல வந்து ஆறின கருந்தழும்பு. மொதல்ல போன எடத்துல (பேரு வேணாம்) உள்ள சரியா பாக்காம வெறும் வீக்கம்னு கண்ணுக்குப் பக்கத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டாங்க, கிருமிக்கு மருந்து குடுக்கல. ரெண்டு வாரத்துல புண்ணு இரட்டிப்பாச்சு. அந்த தழும்ப கவனிச்சிருந்தாலே பிடிச்சிருக்கலாம். இன்னிக்கும் அந்தக் கண்ணுல பஸ் நம்பர் தெரியாது. அக்கா, ஸ்டீராய்டு குடுத்தாங்கன்னா கூடவே கிருமிக்கு என்ன மருந்துன்னு கண்டிப்பா கேளுங்க.

வைகை_தாத்தா:
93 வெள்ளத்துக்கு அப்புறம் எங்க மதுரைல கூட்டம் கூட்டமா கண்ணு செவந்து மங்கிப் போயி வந்தாங்க, கடைசில பாத்தா எலிக்காய்ச்சல் கிருமி. காய்ச்சல் வந்து போயி எவ்வளவோ நாள் கழிச்சு கண்ணு. டாக்டர் வெள்ளத்தண்ணில நடந்தீங்களா, வீட்ல பூனை இருக்கா, சமீபத்துல காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டா சலிச்சுக்காம பதில் சொல்லுங்கம்மா, பாதி கண்டுபிடிப்பு அதுலதான்.

நைட்டூட்டி_பிஜி:
தாத்தா சரியா சொன்னாரு. ஒண்ணு விட்டுட்டேன், துளி எடுத்து உடனே பாக்குறது எப்பன்னா அம்மை, அக்கி வைரஸ் ரெட்டினாவ ஓரத்துல இருந்து அரிக்கும்போது. அதுல ரிசல்ட்டுக்குக் கூட காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே வைரஸ் மருந்து ஆரம்பிச்சிடணும்.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மூணு வாரம் கழிச்சு இப்பதான் திரும்ப வர்றேன். சிடில நடுநெஞ்சுல நெறிக்கட்டி இருந்துச்சு, சார்காய்டுங்கிற நோய்லயும் அப்படி வீங்குமாம், அதனால தொண்டை வழியா குழாய் விட்டு ஊசில எடுத்தாங்க, அதுல டிபி கிருமியே வந்துருச்சு. விடிஆர்எல், எச்ஐவி ரெண்டும் நெகட்டிவ். மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடி புள்ளிக்குள்ள நம்பர் படிக்கிற கலர் புக்க காட்டி டெஸ்ட் எடுத்தாங்க, எத்தாம்பியூட்டால்ங்கிற டிபி மாத்திரை கண் நரம்ப பாதிக்குதான்னு அப்பப்ப ஒப்பிட்டுப் பாக்கவாம். சாயம் ஏத்துன மறுநாள் மஞ்சளா யூரின் போச்சுன்னு பயந்த அம்மா, இப்ப மாத்திரைல ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு திரும்பவும் பயந்துட்டாங்க. நேத்து படத்துல புண்ணோட ஓரம் லேசா பெருசாயிருக்கு, மருந்து ஆரம்பிச்ச புதுசுல செல பேருக்கு இப்படி ஆகும், மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு சொல்லி கூடவே குடுக்கிற ஸ்டீராய்ட கொஞ்சம் கூட்டியிருக்காங்க. பொண்ணு வீட்ல நாங்களே சொல்லிட்டோம். அவங்க அப்பா முதல்ல கேட்டது, வண்டி ஓட்டலாமா.